பதினாறாயிரத்து எழுநூறு மணி நேரம்

கருவி காட்டியதை ஒரு புள்ளியும் கூட்டாமல் குறைக்காமல் எழுதிய கலங்காத கையே! குண்டு பல்பு காலம் முதல் எல்இடி காலம் வரை, இருட்டறையில் அமர்ந்து இருபத்தெட்டு ஆண்டுகள் ஒளி அளந்த எங்கள் சோதனைக்கூட அக்காவே!

"பழைய கதையெல்லாம் வேணாம், நல்லதா நாலு வார்த்தை எழுதுங்க" என்று, தங்கள் பணி ஓய்வு விழாவில் படிக்கும் இம்மடலுக்காக நேற்று நிர்வாகம் சொல்லியனுப்பியது. பழைய கதையைத்தான் படிக்கிறோம். முன்வரிசையில் இருப்பவர்கள் முழுதும் கேட்கட்டும்.

மருத்துவமனைகளுக்காக நம் தொழிற்சாலை செய்த எல்இடி விளக்கைத் தாங்கள் ஆறாயிரம் மணி நேரம் எரியவிட்டு அளந்தீர்கள். நூறாக இருந்த ஒளி எண்பத்தெட்டாகியிருந்தது. எல்இடி பட்டென்று அணைவதில்லை. ஒவ்வோர் ஆயிரம் மணிக்கும், எஞ்சிய ஒளியில் அதே விகிதத்தை இழந்து, அடுக்குக்குறிச் சிதைவாக மங்கிக்கொண்டே போகிறது. அந்தக் கணக்குப்படி, விளக்கின் ஆயுள் முடியும் எல்லையான எழுபதை அது தொடுவது பதினாறாயிரத்து எழுநூறாவது மணியில் என்று எழுதினீர்கள். அட்டைப்பெட்டியிலோ ஐம்பதாயிரம் மணி என்று அச்சடித்தாகிவிட்டது!

"ஒரு கையெழுத்துதானேம்மா, போட்டுட்டுப் போங்களேன்" என்றார் மேலாளர், ஐம்பதாயிரம் என்று மாற்றி எழுதிய அறிக்கையை நீட்டி.

"நான் போட்டா விளக்கு மங்காம நின்னுடுமா சார்?" என்றீர்கள்.

அதற்குத் தண்டனையாக, அதே பெட்டிகளை அடுக்கும் கிடங்கில் மூன்றாண்டுகள்! நாங்கள் என்ன செய்தோம்? வாய்பொத்தி நின்றோம். எங்களில் ஒருவர், தங்களிடம் வேலை பழகியவர், அந்தப் பொய்யறிக்கையில் கையெழுத்தும் போட்டார்.

இரவு பகலாய் எரிந்த அவ்விளக்குகளின் கீழே, மூன்றாம் ஆண்டு முடிவில், மருத்துவமனைப் படிக்கட்டில் கடைசிப் படி தெரியாமல் விழுந்து ஒரு செவிலியரின் இடுப்பெலும்பு முறிந்தது. திரும்பி வந்த விளக்கை அளந்தோம். ஐம்பத்தேழு! தாங்கள் வரைந்த கோட்டிலும் அந்த மணிக்கு அதே ஐம்பத்தேழு!

"அந்தம்மா படியைப் பாத்து இறங்கியிருக்கணும்" என்றது நிர்வாகம்.

இன்று காலை, தங்கள் பழைய அறிக்கையையும் எங்கள் புதிய அளவீட்டையும், விளக்கு வாங்கிய அத்தனை மருத்துவமனைகளுக்கும் அனுப்பிவிட்டோம். பதினொரு பேர் கையெழுத்திட்டிருக்கிறோம். முதல் கையெழுத்து, அன்று பொய்க்குப் போட்டவருடையது. நாளை எங்களை வாசலில் நிறுத்தினாலும் நிறுத்தட்டும்.

அக்கா, உடல் நலத்தோடு நெடுங்காலம் வாழுங்கள்! மூன்றாண்டு தாமதமாக வாய் திறந்தவர்களுக்கு மன்னிப்புக் கேட்கும் தகுதியில்லை. ஆனாலும் இத்தனை பேர் முன்னிலையில் கேட்கிறோம்.

இங்ஙனம்,
சோதனைக்கூடப் பணியாளர்கள் பதினொருவர்