அத்தர் பட்ட தகடு

ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பக்கத்தில் நிற்பவரின் உள்ளங்கையில் ஒரு சொட்டு அத்தர் தடவிவிடுவது என் பழக்கம். அன்று, என்னை அண்ணனாக எண்ணிக் காக்கா என்று கூப்பிடுகிற நளீருக்கும் தடவினேன். நேற்று அவன் இந்தப் பொலிஸ் நிலையத்தில் உங்களிடம் வந்து, எல்லாம் தன் கையால் வந்தது என்று சொன்னானாம். அதனால்தான் வந்தேன், சேர்.

கல்முனையில் நானும் அவனும் இலவசமாகப் பொய்க்கால் செய்கிறோம். பாதத் தகடு பாரமில்லாமல் இருக்க வேண்டும், உடையவும் கூடாது. இரண்டு அலுமினியத் தகடுகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, அடுக்கி, உருளைகளுக்கிடையே கொடுத்தால் பசையில்லாமலே ஒட்டிப் பாதித் தடிப்பாகும். அதை வெட்டி, தேய்த்து, மறுபடி அடுக்குவோம். ஐந்தாவது முறையில் முப்பத்திரண்டு அடுக்கு. தேய்த்த முகத்தில் எண்ணெய்க் கை படக்கூடாது; பட்ட இடம் ஒட்டாது.

அந்த ஐந்தாவது முறையில்தான் நளீர் தொட்டுவிட்டான். உருட்டி முடிந்த பிறகே அவனுக்கு நினைவு வந்தது.

"காக்கா, அத்தர்க் கையக் கழுவல்ல. திரும்பச் செய்வமா?"

தட்டிப் பார்த்தேன். குதிகால் பக்கம் மட்டும் மந்தமாக ஒலித்தது. திரும்பச் செய்ய மூன்று நாளாகும். பாண்டிருப்புத் துஷாந்தினி வாசலில் காத்திருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை தங்கச்சிட கலியாணம், காக்கா. என்னத் தூக்கித் தூக்கி எல்லாருக்கும் முதுகு நோகுதாம். இந்தமுற நானே பந்தியில சோறு போடுவன். உங்களுக்கு மரக்கறிதான், கோவிக்கப்படாது."

"ஓம் மகள், நடந்துதான் போவாய்," என்றேன்.

அந்த முகத்தை வாட விடுவது பாவம் என்று பட்டது. நளீரிடம், நன்றாக ஒட்டியிருக்கிறது என்றேன். விளிம்பை அராவி, வண்ணம் பூசிக் கொடுத்தேன்.

கல்யாணத்தில் எனக்குச் சோறு போட்டது அவள்தான். பத்தாம் நாள் அக்கரைப்பற்றுச் சந்தியில் வீதியைக் கடக்கும்போது குதிகால் பிளந்து விழுந்தாள். வந்த பஸ் அவள்மேல் ஏறியது; சாரதிமீது பிழையில்லை.

செத்தவீட்டில் அவள் தாய் கனகேஸ்வரியிடம், பார்க்கப் பார்க்க நோகும் என்று சொல்லி அந்தக் காலைக் கேட்டு வாங்கினேன். சேலைத் துணியில் சுற்றித் தந்தார். "நீங்க தந்த காலாலதான் என்ட புள்ள நடந்தது," என்று என் கையைப் பிடித்து அழுதார்.

பட்டறையில் பிளந்த இடத்தை விரித்துப் பார்த்தேன். உட்பக்கம் கண்ணாடி போல் பளபளத்தது, ஒட்டவே இல்லை. கையைக் கழுவிவிட்டு, அதைத் தேய்த்து மறுபடி உருட்டினேன். இனி அது பிளக்காது. யாரும் பார்த்து அறியவும் முடியாது.

நளீர் என்னிடம் வந்து அழுதபோது, அல்லாஹ் உன்னை மன்னிப்பான் என்று ஆறுதல் சொன்னேன். அவனை விட்டுவிடுங்கள். தெரிந்தே கொடுத்தவன் நான்.

கனகேஸ்வரி அக்காவிடம் மட்டும் இதைச் சொல்ல வேண்டாம், சேர். என்னை நினைத்துத்தான் அவர் கொஞ்சமாவது ஆறுதலாக இருக்கிறார்.