வாய்மொழி போதாது

ஜூலை மாதம் எங்கள் எல்லைச் சுங்கச் சாவடியில் பீச் பழ லாரிகள்தான் அதிகம். கிரேக்கத்திலிருந்து அல்பேனியாவுக்குப் போகிற சரக்கெல்லாம் என் ஜன்னலைத் தாண்டித்தான் போகவேண்டும். பத்தொன்பது வருடம் அந்த நாற்காலியில் இருந்தேன். எந்த லாரிக்காரரிடமும் ஒரு காப்பி வாங்கிக் குடித்ததில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவசர மருந்துக்குத் தனி வழி உண்டு. கொண்டுவருகிறவர் வாயால் சொன்னால் போதும், தாள்கள் பிறகு வரலாம். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இந்தப் பாடத்தை நடத்தியதே நான்தான். சந்தேகம் வந்தால் அதிகாரி எழுத்தில் விண்ணப்பம் கேட்கலாம் என்றும் அதே விதியில் இருக்கிறது. நான் கேட்டேன். விதியில் இல்லாத எதையும் நான் செய்யவில்லை. உங்கள் விசாரணைக் குழு தலைகீழாக நின்றாலும் அதை மாற்ற முடியாது.

அன்று மதியம் மருந்து வண்டி ஓட்டும் லாம்ப்ரோஸ் குளிர்பெட்டியோடு வந்தான். உள்ளே விரியன் கடிக்கான மருந்து. எல்லைக்கு அப்பால் நாற்பது கிலோமீட்டரில் ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளி காத்திருந்தார். லாம்ப்ரோஸ் ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டினான். நோயாளியின் பெயர் பொலிக்ஸேனி கோட்சி என்று இருந்தது.

எனக்கு அந்தப் பெயர் தெரியும். நான் பிறந்தது எல்லைக்கு அந்தப் பக்கம், அல்பேனியாவில் கிரேக்கர்கள் வாழும் ஊர் ஒன்றில். தொண்ணூறாம் வருடம் நானும் என் அண்ணன் ஸ்பீரோவும் எல்லை தாண்டக் கிளம்பினோம். பக்கத்து வீட்டுப் பொலிக்ஸேனி எல்லைக் காவலர்களிடம் போட்டுக்கொடுத்தாள். நான் தப்பினேன். சுடப்பட்ட அண்ணன் முள்வேலியில் தொங்கினான். உடலை இரண்டு நாள் இறக்க விடவில்லை. அம்மா கீழே நின்று பார்த்தாள்.

"எழுத்துல கொண்டா," என்றேன்.

"அண்ணே, ஐஸ் உருகுது. நேத்து தக்காளி லாரிக்குக்கூட நீங்க இவ்வளவு கேக்கல."

"தக்காளிய யாரும் நரம்புல ஏத்துறதில்ல. போய்க் கொண்டா."

தாள் வந்தது. ஏற்றுமதி எண்ணில் ஓர் இலக்கம் குறைந்தது, திருப்பி அனுப்பினேன். மறுபடி வந்ததும் பெட்டியைத் திறந்து, குப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து வரிசை எண் சரிபார்த்தேன். என்னோடு வேலை பார்க்கும் மாரிகா பக்கத்தில் வந்து நின்றாள்.

"புண்ணியமாப் போகும், விட்டுருங்க சார். அங்க ஒரு உசிரு ஊசலாடுது."

நான் அடுத்த குப்பியை எடுத்தேன். எல்லாம் முடிய மூன்று மணி பத்து நிமிடம் ஆயிற்று. மருந்து போய்ச் சேர்ந்தபோது அது தேவைப்படவில்லை.

என் வக்கீல் நல்ல மனிதர். "பேரப் பாத்துட்டு அந்தக் கெழவின்னு நெனச்சிட்டேன்னு சொல்லுங்க, கோர்ட்டு எரங்கும்," என்கிறார். எனக்கு யார் இரக்கமும் வேண்டாம். கிழவி இன்றும் குத்துக்கல்லாட்டம் இருக்கிறாள். எங்கள் பக்கம் மகனுக்குப் பிறக்கும் முதல் பெண்ணுக்குப் பாட்டியின் பெயரைத்தான் வைப்பார்கள். அது தெரியாதவனா நான்? எந்தத் தாளிலும் ஒரு வரியை விட்டுவிட்டுப் படித்தவனும் அல்ல. பெயருக்குக் கீழே வயது ஆறு என்று இருந்தது. கிழவிக்குப் பேர் சொல்ல ஒருத்தி இருக்கிறாளே என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் எழுத்தில் கேட்டேன்.