விடுபட்ட ஒற்றை வரி

முப்பதாண்டுக் காலம் இந்த மலையின் ஆம்புலன்ஸை ஓட்டி, வளைவுக்கு வளைவு உயிர்களைக் காத்து இறக்கியவரும், ஓய்வுபெற்ற பின்னும் ஊரால் ‘டிரைவர் ஐயா’ என்றே அன்போடு அழைக்கப்படுபவருமான அவைத்தலைவர் ஆரோக்கியதாஸ் அவர்களே! சேர்வராயன் மலைச் செவிலியர் கல்வி வட்டத்தின் செயலாளரும், மிஷன் ஆஸ்பத்திரியின் மூத்த செவிலியருமான தேவகுமாரி அவர்களே! கொல்லிமலையிலிருந்து பொழுது விடியும் முன்பே புறப்பட்டு வந்திருக்கும் விருந்தினர்களே! ஒரு நாள் காட்டு வேலையை ஒதுக்கிவைத்து, இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே! ஊசி பிடிக்கும் கையில் உறுதியும், உள்ளத்தில் உருக்கமும் கொண்ட என் செவிலியச் சகோதர சகோதரிகளே! உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

என்ன, மஞ்சக்குட்டைப் பக்கத்திலிருந்து இத்தனை ஆரவாரம்? ஒரே ஜீப்பில் பதினாலு பேர் நெருக்கியடித்து வந்த களைப்பே தெரியவில்லையே!

நான் ஜெயகுமாரி. சேலத்தில் இருபத்தெட்டு ஆண்டுகளாகச் செவிலியருக்குப் பாடம் நடத்துகிறவள். உங்கள் வட்டத்தின் விதிப்படி முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பேச்சுக்காக நான் எந்தக் கம்பெனியிடமும் எதுவும் பெறவில்லை. பஸ்ஸில் வந்தேன், டிக்கெட் என்னுடையது. காலையில் கொடுத்த காப்பி மட்டும் உங்களுடையது. ஆகவே ஏற்காட்டுக் காப்பியை நான் புகழ்ந்தால், அதைக் கொஞ்சம் குறைத்தே நம்புங்கள்!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இந்த ஒரு சொல்லை, ‘நான் யாரிடம் என்ன பெறுகிறேன்’ என்கிற இந்த ஒரே ஒரு சொல்லை, இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் சொல்லாமல் விட்டேன். அதற்கு விலை கொடுத்தது நானா? இல்லை. தலைச்சோலையில் காப்பி பறிக்கும் ஒரு தாய் கொடுத்தார். அந்தக் கதையை இன்று சொல்ல வேண்டும் என்று தேவகுமாரி கேட்டார். சம்பந்தப்பட்ட எல்லோரும் சம்மதித்தார்கள். என் தோல்வியைச் சொல்லாமல் உங்கள் வெற்றியை எப்படிச் சொல்வேன்?

அந்த ஆண்டு மாசி மாதம். ஏரிக்கரை ஓட்டல் ஒன்றின் மண்டபம். செவிலியர்கள் உரிமம் புதுப்பிக்கத் தொடர்கல்வி வகுப்பில் உட்கார்ந்து பாயின்ட் சேர்க்க வேண்டும் அல்லவா? அதற்கான வகுப்பு. எண்பத்தாறு பேர் வந்திருந்தார்கள். ஆளுக்கொரு பை, அரங்கமெல்லாம் பேனர், அரைமணிக்கொரு தேநீர். செலவெல்லாம் புண்ணுக்கு ஒட்டும் டிரெஸ்ஸிங் பேட் தயாரிக்கிற ஒரு கம்பெனியுடையது. பாடம் நடத்த வந்தவள் நான்.

அந்தக் கம்பெனி முந்தைய ஆண்டு என்னையும் என் கணவரையும் கோவாவுக்கு அழைத்துப் போயிருந்தது. வகுப்புக்கு வகுப்பு சன்மானமும் தந்தது. அன்று திரையில் நான் காட்டிய ஸ்லைடுகளை எழுதியது நானா? கம்பெனிதான் எழுதியது. கொண்டுவந்து கொடுத்தவர் அதன் பிரதிநிதி தினேஷ். நான் வாசித்தேன். வாய் என்னுடையது, வாசகம் அவர்களுடையது. எண்பத்தாறு பேரில் ஒருவருக்கும் அது தெரியாது.

“ஒட்டினால் ஏழு நாள் பிரிக்கவே வேண்டாம்” என்று முழங்கினேன். பின்வரிசையிலிருந்து தேவகுமாரி எழுந்தார்.

“ஏனுங்க மேடம், உள்ள சீழ் இருந்தா என்னங்க பண்றது?”

நான் புன்னகைத்தேன். “அதையும் பேடே இழுத்துக்கொள்ளும், கவலைப்படாதீர்கள்” என்றேன். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் எனக்கு இனித்தது. பதில் எனக்குத் தெரிந்ததா? தெரியாது. தினேஷ் சொல்லியிருந்தார், நான் திருப்பிச் சொன்னேன்.

அடுத்த வாரம். மஞ்சக்குட்டை துணை சுகாதார நிலையத்தில் செவிலியர் ஈவ்லின் பணியில் இருந்தார். வேலையில் சேர்ந்து எட்டு மாதம். தலைச்சோலை அத்தாயி அம்மா வந்தார். காப்பிச் செடியைக் கவாத்து வெட்டிய இடத்தில் நின்ற கூர்க்குச்சி பாதத்தில் ஏறிவிட்டது. சர்க்கரை நோய் உள்ளவர். புண்ணில் லேசாகச் சீழ் கோத்திருந்தது. ஈவ்லின் என்ன செய்தார்? கற்றதைச் செய்தார். நான் கற்பித்ததைச் செய்தார். சுத்தம் செய்தார், பேடை ஒட்டினார், ஏழு நாள் கழித்து வரச் சொன்னார்.

மூன்றாம் நாளே அத்தாயி அம்மா நொண்டிக்கொண்டு வந்தார். “கண்ணு, உள்ள விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. ஒருக்கா பிரிச்சுப் பாரு சாமி” என்றார்.

“அம்மா, வகுப்புல ஏழு நாளுன்னு சொல்லியிருக்காங்க. நடுவுல பிரிச்சா கெட்டுரும்னாங்க. பொறுத்துக்குங்கம்மா” என்றார் ஈவ்லின்.

பொறுத்துக்கொண்டார். ஐந்தாம் நாள் காய்ச்சலில் உடம்பு தூக்கிப்போட்டது. கணவர் பெரியண்ணன் அவரைத் தோளில் தூக்கிவந்து ஜீப்பில் ஏற்றி மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். தேவகுமாரி பேடைப் பிரித்தார். அந்த அறையில் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். உடனே சேலத்துக்கு அனுப்பினார்கள். கால் தப்பியது. இரண்டு விரல்கள் தப்பவில்லை.

அன்பானவர்களே, அடுத்து நடந்ததையும் கேளுங்கள்.

தேவகுமாரி ஈவ்லினைத் திட்டவில்லை. பேட் வந்த பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளை எடுத்தார். எறும்பு ஊர்வது போன்ற எழுத்து. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வரி வரியாகப் படித்தார். பதினேழாவது வரி: ‘சீழ் பிடித்த புண்ணில் பயன்படுத்தக் கூடாது.’ என் ஸ்லைடுகளை எடுத்து ஒப்பிட்டார். எல்லா வரியும் இருந்தது. அந்த ஒற்றை வரி மட்டும் இல்லை.

மறுநாளே பஸ் ஏறிச் சேலத்துக்கு வந்தார். என் அறையில் என் எதிரே உட்கார்ந்தார். தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

“மேடம், அந்தப் பாடம் நீங்க எழுதுனதுங்களா?”

“எதற்குக் கேட்கிறீர்கள்?”

“அந்தக் கம்பெனிகிட்ட நீங்க ஏதாச்சும் வாங்குறீங்களா?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “இருபத்தாறு வருஷ அனுபவம் எனக்கு. என்னையா சந்தேகப்படுகிறீர்கள்?” என்றேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. “உங்க மனசை நான் கேக்கலீங்க மேடம். அது நொம்ப நல்ல மனசுன்னே வெச்சுக்கறேன். யாரு சோத்துல உக்காந்து பாடம் சொல்றீங்கன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா, நாங்க இன்னும் ரெண்டு கேள்வி கேட்டிருப்போம். அந்த ரெண்டு கேள்வியில அத்தாயி அம்மாவோட ரெண்டு வெரலு நின்னிருக்கும்.”

எழுந்து போய்விட்டார். நான் என்ன செய்தேன்? மூன்று நாள் என்னையே நியாயப்படுத்திக்கொண்டிருந்தேன். நான் பொய் சொல்லவில்லையே! யாரையும் ஏமாற்றவில்லையே! நாலாம் நாள் தினேஷைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவரும் ஒளிக்கவில்லை. “ஆபீஸ்ல அந்த வரிய எடுத்துட்டாங்க மேடம். படிக்கறவங்களுக்குப் பயமா இருக்கும்னாங்க” என்றார். பயமா? பயப்பட வேண்டிய இடத்தில் பயம் காட்டாத பாடம் என்ன பாடம்?

அன்றே மலையேறினேன். தலைச்சோலையில் அத்தாயி அம்மா வீட்டு வாசலில் நின்றேன். காலில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். நான் யார், என்ன செய்தேன் என்று எல்லாம் சொல்லி முடித்தேன். வசைச் சொல்லுக்காகக் காத்திருந்தேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா?

“சரிங்க, இதைய எங்கிட்டச் சொல்லி என்னாகுதுங்க? அந்தப் புள்ள ஈவ்லினு வேலையே வேண்டாம்னு எழுதி வெச்சிருச்சாம். சோறுந் திங்கறதில்லியாம். அதுங்கிட்டப் போங்க மொதல்ல. தப்பு அதும்மேல இல்லீன்னு உங்க வாயால சொல்லுங்க. எங்கூட்டுக்கு அப்பறம் வரலாம்.”

ஆம், தட்டுங்கள்! இந்தக் கைதட்டல் அவருக்கு உரியது. தன் வலியை ஓரமாக வைத்துவிட்டு இன்னொருத்தியின் வலிக்கு வழி சொன்ன அந்தத் தாய்க்கு உரியது!

போனேன். ஈவ்லினின் மேசைமேல் ராஜினாமாக் கடிதம் இருந்தது. “நீ கற்றுக்கொண்டதில் குற்றமில்லை, நான் கற்றுக்கொடுத்ததில் குற்றம்” என்றேன். ஈவ்லின் என்னை நேராகப் பார்த்தார். “அப்ப அதை எனக்கு மட்டும் சொன்னாப் போதுங்களா மேடம்? பாக்கி எண்பத்தஞ்சு பேரும் அதே பேடை ஒட்டிட்டுத்தானே இருக்காங்க?” என்று கேட்டார். எட்டு மாத அனுபவம் கேட்ட கேள்வி, இருபத்தாறு ஆண்டு அனுபவத்தின் கண்ணைத் திறந்தது. அன்று மாலைக்குள் எண்பத்தாறு பேருக்கும் எழுதினேன். விடுபட்ட வரியை எழுதினேன். விட்டுப்போன உண்மையையும் எழுதினேன்: கோவாவை, சன்மானத்தை, எல்லாவற்றையும்.

கம்பெனி கையை விரித்துவிட்டது. அடுத்த வகுப்புக்கு மண்டபம் இல்லை, சாப்பாடு இல்லை, பாடம் சொல்ல ஆளில்லை. உரிமம் புதுப்பிக்கும் நாளோ நெருங்கிவிட்டது. “பையும் வேண்டாம், பிரியாணியும் வேண்டாம் தேவகுமாரி. பாயின்ட்டுக்கு என்ன பண்றது? மாசம் ஒருக்கா லீவு போட்டுச் சேலம் எறங்க முடியுமா?” என்று சொந்தத் தோழிகளே சுடுசொல் சொன்னார்கள். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

அப்போதுதான் சர்ச் பள்ளிக்கூடத்து வகுப்பறையில் கூடினீர்கள். ‘நலன் முரண்’ என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதி தேவகுமாரி விளக்கினார். பாடம் சொல்கிறவர் கேட்பவரின் நன்மையைப் பேசும்போதே, இன்னொருவரின் ஆதாயத்தையும் மடியில் கட்டியிருந்தால் அதுதான் நலன் முரண். அது வந்துவிட்டாலே ஒருவர் கெட்டவராகிவிடுவதில்லை; அதை மறைத்தால்தான் கேடு. ஆகவே விதி செய்தீர்கள். மேடையேறுகிறவர் முதலில் தன் தொடர்பைச் சொல்ல வேண்டும். பாடத்தை அந்தத் தொடர்பில்லாத இருவர் முன்னதாகவே படித்துப் பார்க்க வேண்டும். உதவி யார் தந்தாலும் வட்டத்தின் பொது நிதியில் சேரும். பாடத்தில் ஒரு சொல்லைக்கூட அவர்கள் தொடக் கூடாது.

விதியை எழுதிய கை, முதலில் எழுதியவர் பக்கமே திரும்பியது. “என் தம்பி கிறிஸ்டோ மருந்துக்கடை வெச்சிருக்கான். மருந்து பத்துன பாடம் முடிவு பண்றப்ப நான் வெளிய போய் உக்காந்துக்கறேன்” என்றார் தேவகுமாரி. சொன்னபடியே போய் வராந்தாவில் உட்கார்ந்தார், பனிக்காற்றில், சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு! தலைமை என்பது வேறென்ன?

உங்கள் வகுப்புக்கும் பாயின்ட் தரக் கேட்டு, உரிமம் வழங்கும் செவிலியர் கவுன்சிலுக்கு நீங்களே விண்ணப்பித்தீர்கள். திருப்பி அனுப்பினார்கள், திருத்தி அனுப்பினீர்கள். மறுபடி திருப்பினார்கள்; மறுபடி அனுப்பினீர்கள். மூன்றாம் முறை ஒப்புதல் வந்தது! முதல் வகுப்பில் பேனர் இல்லை, பை இல்லை, மதியத்துக்கு ராகிக் களியும் கீரையும். பாதப் புண்ணைப் பற்றிய அந்த முதல் பாடத்தை நடத்தியது யார்? பேராசிரியரா? கம்பெனி அழைத்து வந்த நிபுணரா? ராஜினாமாக் கடிதத்தைக் கிழித்துப் போட்ட ஈவ்லின்! தான் செய்ததை மறைக்காமல் சொல்லி, “நோவுதுன்னு நோயாளி சொன்னா, வகுப்புல என்ன சொன்னாலும் பிரிச்சுப் பாருங்க” என்று பாடத்தை முடித்தார் அந்தப் பெண்.

அந்த வகுப்பில் நானும் இருந்தேன், மாணவியாக, கடைசி பெஞ்சில். ஓராண்டுக்கு எனக்கு மேடை தருவதில்லை என்று முடிவு செய்திருந்தீர்கள். சரியான முடிவு. அந்தக் கடைசி பெஞ்சில் நான் கற்றது, முன்வரிசை நாற்காலிகளில் இருபத்தாறு ஆண்டு கற்றதைவிட அதிகம்.

இன்னும் கேளுங்கள்! எண்பத்தாறு பேரில் எண்பத்தொரு பேர் கையெழுத்திட்டு அந்தக் கம்பெனிக்கு எழுதினீர்கள். பதில் வந்ததா? வந்தது, நாலு மாதம் கழித்து. இன்று அந்தப் பெட்டியின் மேல்பக்கத்திலேயே, சிவப்பு எழுத்தில், கண்ணாடி போடாமல் படிக்கும்படி நிற்கிறது அந்த வரி! பதினேழாவது வரியாகப் பதுங்கிக் கிடந்ததை முதல் வரியாக முன்னே இழுத்துவந்தது யார்? கரடியூரும் மஞ்சக்குட்டையும் தலைச்சோலையும்! ஊசியும் பஞ்சும் தூக்கி ஒற்றையடிப் பாதையில் நடக்கிற நீங்கள்! உங்களைக் கேட்காமல் உங்களுக்குப் பாடம் எழுதிய காலம் முடிந்தது. உங்கள் கேள்விக்கு அஞ்சிப் பாடம் எழுதும் காலம் பிறந்தது!

இந்த ஆண்டு ஒன்பது வகுப்பு. ஒன்பதிலும் ஒரு கம்பெனியின் பெயர்கூட மேடையில் ஒலிக்கவில்லை. ஒருவரின் உரிமம்கூடக் காலாவதியாகவில்லை. மலை தோற்கும் என்றவர்கள் மலையைப் பார்த்துப் படியெடுக்க வருகிறார்கள். கொல்லிமலைச் சகோதரிகள் உங்கள் விதிப்புத்தகத்தின் பிரதியை இன்று வாங்கிப் போகிறார்கள். சகோதரிகளே, கொண்டுபோங்கள். ஆனால் உங்கள் ஊருக்கு ஏற்றபடி அடித்துத் திருத்துங்கள். எங்கள் விதியையும் கேள்வி கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை!

குற்றத்தை ஒப்புக்கொண்டவளுக்கும் ஒரு நாற்காலி ஒதுக்கிய இந்த அவைக்கு என் நன்றி. மணி அடிக்காமல் பொறுத்த தலைவருக்கு நன்றி. அத்தாயி அம்மாவுக்கு நன்றி சொல்லும் தகுதி எனக்கில்லை. அவரை வணங்க மட்டும் செய்கிறேன். கேட்கத் துணிந்த நாவுகள் வாழ்க! சொல்லத் துணிந்த நெஞ்சங்கள் வாழ்க! சேர்வராயன் மலைச் செவிலியர் அனைவருக்கும் என் வெற்றி வணக்கம்!