முத்துப்பேச்சிக்காக நான் பேசினேன்

எங்கள் கல்லூரியின் இரும்புக் கதவு அழகான கதவு. ஆண்டுக்கு ஒருமுறை பச்சை வண்ணம் பூசுவார்கள். கீலுக்கு எண்ணெய் விடுவார்கள். ஒரு கையால் தள்ளினாலே ஓசையின்றி மூடிக்கொள்ளும். வாருங்கள் பெரியோரே, தாய்மாரே, அந்தக் கதவின் முன்னால் சற்றே நில்லுங்கள். நீங்கள் சாட்சியாக வேண்டிய அநீதி அங்கேதான் நடந்தது.

அது 1991. காலை மணி அடித்ததும் அந்தக் கதவு மூடப்படும். திருப்பூரை அடுத்த நெருப்பெரிச்சல் என்ற ஊரில், பனியன் கம்பெனியில் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு, தலையில் பஞ்சுத் தூசியோடு சைக்கிள் மிதித்து வரும் மாணவன் அதன் பிறகுதான் வந்து சேருவான். அவனை ஏன் தாமதமாக விட்டார்கள்? ஏற்றுமதிச் சரக்குக்கு லாரி நிற்கிறது, கடைசிப் பெட்டி கட்டும்வரை எவனும் நகரக் கூடாது என்று உத்தரவு. அந்தக் கம்பெனி யாருடையது? கல்லூரிச் செயலாளர் மயில்சாமியுடையது. கல்லூரிக் கதவை மூடச் சொன்னது யார்? அதே மயில்சாமி. ஒரே மனிதருக்கு இரண்டு கதவுகள். ஒன்று வெளியே விடாது. மற்றது உள்ளே விடாது. ஆண்டு முடிவில், வருகை குறைவென்று சொல்லி, வேலை பார்த்துக்கொண்டே படித்த அத்தனை பேருக்கும் ஹால் டிக்கெட் இல்லை என்று பலகையில் ஒட்டினார்கள். உழைப்பை வாங்கிக்கொண்ட கையே படிப்பையும் பிடுங்கிக்கொண்டது. இதைப் போல ஒழுங்கான கொள்ளையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

என் பெயர் ரத்தினசாமி. அப்போது நான் மாணவர் சங்கத் தலைவன். எனக்கு முன்பு சங்கம் என்றால் ஆண்டு விழாவுக்கு மாலை வாங்குவதும் விளையாட்டுப் போட்டிக்கு வெற்றிக் கோப்பை வாங்குவதும்தான். அதை ஊர் அறியச் செய்தது என் பேச்சு. உள்ளுக்குள் கட்டி எழுப்பியவள் முத்துப்பேச்சி என்று சிலர் சொல்வார்கள். நான் மறுக்கவில்லை. அவள் சங்கச் செயலாளர். கோவில்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம். நல்லூரில் ஒரு லைன் வீட்டில் தாய் வெள்ளையம்மாளோடு இருந்தாள். பகலில் பி.காம்., இரவில் அதே கம்பெனியில் பனியன் செக்கிங்.

அவள் இரண்டு காரியங்கள் செய்தாள். முதல் வகுப்பைத் தவறவிட்டவர்களுக்காக, வகுப்பில் இருப்பவர்கள் கார்பன் தாள் வைத்துப் பாடக் குறிப்பு எடுக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தாள். அடுத்தது மதியச் சோறு. அதுவரை உள்ளூர்ப் பிள்ளைகள் ஒரு மரத்தடி, தெற்கத்திப் பிள்ளைகள் ஒரு மரத்தடி என்று பிரிந்து உண்பார்கள். இவள் எல்லோரையும் முழங்கால் இடிக்க ஒரே வட்டமாக உட்கார வைத்து, அவரவர் சோறு கொண்டுவந்த தூக்குப்போசியை வலப்பக்கத்து ஆளிடம் நகர்த்தச் சொன்னாள். குண்டடத்து விவசாயி மகன் நல்லான் மட்டும் தன் போசியைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

"எங்கூட்டுப் போசிய மத்தவீங்க தொட்டாங்கன்னு தெரிஞ்சா, எங்கம்மா என்னைய ஊட்டுக்குள்ளயே உடாதுங்க."

"அப்பம் எங்க வீட்டுக்கு வந்திரு," என்றாள் முத்துப்பேச்சி. "எங்கம்மை வைக்கிற புளிக்கொழம்பத் தின்னுட்டு, ராத்திரி அம்மா அம்மான்னு அழப்பிடாது, ஆமா."

வட்டமே சிரித்தது. நல்லான் போசியை நகர்த்தினான். மறுநாளிலிருந்து வட்டத்துக்கு ஆள் சேர்ப்பவன் அவன்தான். நான் நூறு மேடைகளில் சாதியைச் சாடியவன்; அந்த வட்டத்தைக் கண்டு மகிழ்ந்தேன். அடுத்த சங்கத் தேர்தலில் முத்துப்பேச்சி தலைவராக நிற்க வேண்டும் என்ற பேச்சு அந்த வட்டத்தில்தான் பிறந்தது. அதையும் மகிழ்ச்சியோடுதான் கேட்டுக்கொண்டேன்.

ஹால் டிக்கெட் மறுக்கப்பட்டதும் சங்கம் கூடியது. தொடர் உண்ணாவிரதம் என்று முடிவாயிற்று. ஒரு நாளைக்கு ஒருவர். மறுநாள் காலையில் அவர் எழுந்துகொள்ள, அடுத்தவர் அமர வேண்டும். முதல் நாள் முத்துப்பேச்சி. கதவுக்கு எதிரே ஓலைப் பந்தல் போட்டு, பாய் விரித்து அமர்ந்தாள். அன்று மாலை ஷிப்ட் விட்ட தொழிலாளர்களும் வந்து நின்றார்கள். நான் ஒலிபெருக்கியைப் பிடித்தேன்.

மேடையறிந்தவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். ஒரு நாள் பட்டினிக்கு எவனும் கைதட்ட மாட்டான். திருப்பூரில் பாதிப் பேர் அதைத் தினமும் செய்கிறார்கள். நான் பேசிக்கொண்டிருந்தபோதே கூட்டம் பின்னாலிருந்து கரையத் தொடங்கியது. அப்போது சொன்னேன்: "நம் தங்கை முத்துப்பேச்சி நாளைக் காலை இந்தப் பாயை விட்டு எழப்போவதில்லை. நீதி கிடைக்கும்வரை, இல்லையேல் உயிர் போகும்வரை, இங்கேயே இருப்பாள்." போனவர்கள் திரும்பினார்கள். பல்லடம் சாலையில் பேருந்துகள் நின்றன. அப்படியொரு கைதட்டலை அந்தக் கதவு அதற்கு முன்பு கேட்டதில்லை.

கூட்டம் கலைந்த பிறகு அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"ஏண்ணே, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டிருந்தால் மறுத்திருப்பாயா?"

"மறுத்துத்தான் இருப்பேன். அதான் கேக்கலியோ?" என்று சிரித்தாள். பிறகு யோசித்தாள். "சரி, கைதட்டுன சனத்த ஏமாத்தப்பிடாது. ரெண்டு மூணு நாளு பாப்போம். ஆனா நான் பரிச்ச எழுதணும்ணே. அதுக்குத்தான இம்புட்டும்."

சித்திரை வெயில். ஓலையிலும் அனல் இறங்கியது. அவள் தண்ணீர் மட்டும் குடித்தாள். பிறகு அதுவும் வயிற்றில் தங்கவில்லை. நாளாக நாளாகக் குரல் உள்ளே போய்விட்டது. கூட்டமோ பெருகியது. அவள் என்ன சொல்கிறாள் என்று அறிய எல்லோருக்கும் ஆவல். எனவே ஒவ்வொரு மாலையும் நான் குனிந்து, அவள் உதட்டருகே காதை வைத்துக் கேட்டு, நிமிர்ந்து ஒலிபெருக்கியில் சொன்னேன். தளர மாட்டேன் என்கிறாள். உங்கள் பிள்ளைகளுக்காக இருக்கிறேன் என்கிறாள். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆண்கள் கைமுட்டியை உயர்த்தினார்கள்.

துண்டால் விசிறிக்கொண்டு பக்கத்திலேயே இருந்த வெள்ளையம்மாள் ஒரு மாலை என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "ஏய்யா, ஒட்டி இருக்க எனக்கே எம்பிள்ள பேசுதது வெளங்கல. ஒமக்கு மட்டும் எப்பிடிய்யா இம்புட்டுத் தெளிவாக் கேக்குது?"

படிக்காத தாயின் கலக்கம் என்று கருதி, ஒலிபெருக்கியின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதற்கடுத்த நாள் மயில்சாமி ஆள் அனுப்பினார். நான் மட்டும் போனேன். ஏசி அறையில் அந்த மனிதர் வேர்த்திருந்தார்.

"வாங்க தம்பி, உக்காருங்க. நாமெல்லாம் ஒரே ஊருக்காரங்க. அந்தப் புள்ளைக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆயிப்போச்சுன்னா ஊரு என்னைய சும்மா உடுமுங்களா? எல்லாத்துக்கும் ஹால் டிக்கெட் குடுத்தர்றனுங்க. பிரின்சிபால்கிட்டச் சொல்லிப்போட்டேன். போய்ப் பந்தலப் பிரிச்சு, புள்ளைக்கு மொதல்ல ஒரு வாய் கஞ்சி குடுங்க."

"நாளை மாலை பதில் சொல்கிறேன்," என்றேன்.

"இதுல சொல்றதுக்கு என்னங்க தம்பி இருக்குது? கேட்டதக் குடுத்தாச்சுங்களே."

"நாளை மாலை," என்றேன்.

நிதானமாகச் சிந்தித்துப் பாருங்கள். அன்றே அறிவித்திருந்தால் என்ன நடந்திருக்கும்? அத்தனை பேரும் கும்பிட்டுவிட்டு, ஹால் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். கேட்டது கிடைத்தவன் வீட்டுக்குப் போய்விடுவான்; கிடைக்காதவன்தான் சங்கத்தில் நிற்பான். மயில்சாமி அள்ளிப் போட்டது பிச்சை. அது சங்கத்துக்கு அவர் தந்த அங்கீகாரம் ஆகாது. மறுநாள் சம்பள நாள். எல்லாக் கம்பெனித் தொழிலாளர்களும் ஊர்வலமாக வந்து பந்தலில் கூடுவதாக ஏற்பாடு. அந்த மனித வெள்ளத்தின் முன்னால் வெற்றியை அறிவித்தால், அதன்பிறகு எந்தச் செயலாளர் எங்களைத் தொட முடியும்? ஒரே ஒரு பகல்தான் கேட்டேன். அதைக்கூட எனக்காகக் கேட்கவில்லை.

மறுநாள் பிற்பகல் போலீஸ் ஜீப்பும் அதன் பின்னால் ஆம்புலன்சும் வந்தன. டாக்டர் அவள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, உடனே கொண்டுபோக வேண்டும் என்றார். நான் மாணவர்களைப் பார்த்துச் சொன்னேன்: "வட்டம் போடுங்கள்."

ஒரு சொல் போதுமாயிருந்தது. மதியச் சோற்றுக்கு உட்காருவார்களே, அப்படியே முழங்கால் இடிக்க அமர்ந்து, கையோடு கை கோத்தார்கள். உள்ளூரும் தெற்கும், கவுண்டரும் தேவரும் கிறிஸ்தவரும் வேறுபாடு தெரியாத ஒரே சங்கிலி. டாக்டரை வெளியே தள்ளியாயிற்று. போலீசாரால் ஒரு கண்ணியைக்கூட உடைக்க முடியவில்லை. வேறெந்தக் கல்லூரியிலும் அப்படியொரு ஒற்றுமையை நான் கண்டதில்லை. அதை முத்துப்பேச்சி கட்டினாள் என்பதை இன்றும் மேடைதோறும் சொல்கிறேன்.

வட்டத்தில் இருந்த நல்லான் மட்டும் கழுத்தைத் திருப்பிக் கேட்டான்: "அண்ணா, அவ என்னங்க சொல்றா? போறேங்கறாளா, இருக்கறேங்கறாளா? அவ வாயில வந்ததை மட்டுஞ் சொல்லுங்க."

நான் குனிந்து கேட்டேன். நிமிர்ந்து, "எழ மாட்டேன் என்கிறாள்," என்றேன். நல்லான் பிடியை இறுக்கிக்கொண்டான்.

அவள் சொன்னதை இப்போது சொல்கிறேன். "போதும்ணே. எந்திச்சிக்கிடுதேன். கஞ்சி தாங்க." அவ்வளவுதான். அன்று மட்டும் சொன்னதல்ல. தளர மாட்டேன் என்று நான் அறிவித்த முதல் மாலையிலிருந்தே அதைத்தான் சொல்லிவந்தாள். என் காதுக்கு ஒருநாளும் குறையில்லை. வெள்ளையம்மாள் கேட்ட கேள்விக்கு இதுதான் விடை.

ஊர்வலம் வந்தது. நான் பேசினேன். என் வாழ்நாளின் சிறந்த உரை அதுதான் என்று கேட்டவர்கள் சொல்கிறார்கள். வெற்றிச் செய்தியை உரையின் கடைசிக்காக வைத்திருந்தேன். அந்த இடத்துக்கு நான் வருவதற்குள் நல்லான் பந்தலிலிருந்து ஓடிவந்து என் சட்டையைப் பிடித்தான். "போயிட்டாங்க அண்ணா, போயிட்டா," என்றான். நான் ஒலிபெருக்கியை விடவில்லை. அந்தச் செய்தியையும் யாராவது சொல்ல வேண்டுமே.

விசாரணைக்கு வந்த அதிகாரியிடம், அவள் விருப்பம் அது என்று சொன்னேன். வட்டத்தில் இருந்த அத்தனை பேரும், ஆமாங்க, அப்படித்தான் சொன்னாள் என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. நான் சொன்னதைச் சொன்னார்கள். மயில்சாமி வாய் திறக்கவில்லை. அந்த ஒரு பகல் எங்கே போயிற்று என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்டால், ஹால் டிக்கெட்டை முதலில் ஏன் மறுத்தார் என்ற கேள்வியும் எழும்; அவருக்கும் அது வசதியாக இல்லை.

எல்லோருக்கும் ஹால் டிக்கெட் வந்தது. அவளுக்கும் வந்தது. தேர்வறையில் அவள் எண் எழுதிய மேசை கடைசித் தேர்வுவரை காலியாகக் கிடந்தது. சங்கம் அங்கீகாரம் பெற்றது. அடுத்த தேர்தலில் என்னை எதிர்த்து எவரும் நிற்கவில்லை. வெள்ளையம்மாள் கோவில்பட்டிக்கே திரும்பிவிட்டார். ஆண்டுதோறும் நினைவு நாளுக்கு அழைக்கிறேன், வருவதில்லை. நல்லான் படிப்பை நிறுத்திவிட்டுக் குண்டடத்துக்குப் போனான். பிற்பாடு ஒருமுறை பேருந்தில் பார்த்தபோது எழுந்து, நான் உட்காரத் தன் இடத்தைக் கொடுத்துவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டான்.

இதையெல்லாம் இன்று ஏன் சொல்கிறேன்? மன்னிப்புக் கேட்க அல்ல. ஏழு ஆண்டு கழித்து அந்தக் கதவு மீண்டும் மூடிவிட்டது. சங்கத் தேர்தலை ஒழித்துவிட்டார்கள். முதல் மதிப்பெண் வாங்கியவனை அழைத்து, நீதான் மாணவர் தலைவன் என்று சட்டையில் பட்டை குத்துகிறார்கள். ஷிப்ட் பார்த்து வரும் பிள்ளை மறுபடியும் வெளியே நிற்கிறான். இப்போதைய மாணவர்கள் என்ன செய்கிறார்கள்? ஆளுக்கு ஒரு நாள் பந்தலில் அமர்கிறார்கள். மாலையானதும் எலுமிச்சைச் சாறு குடித்துவிட்டு, புரோட்டாக் கடைக்குப் போகிறார்கள். செயலாளர்கள் எப்படி அஞ்சுவார்கள்? ஒரு சங்கம் எதன்மேல் நிற்கிறது என்பதை இந்தத் தலைமுறைக்கு எவரும் சொல்லித் தரவில்லை. நான் அதை அறிவேன். முத்துப்பேச்சிக்கு அடுத்தபடி அதை அறிந்தவன் நான் ஒருவன்தான்.

ஆகவே, இதைப் படித்து முடித்ததும் வெறுமனே பெருமூச்சு விடாதீர்கள். கதவுக்கு எதிரே பந்தல் போட்டாயிற்று, பாயும் விரித்தாயிற்று. உங்கள் வீட்டிலிருந்து ஒரு பிள்ளையை அனுப்புங்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளையாக, நாலு பேர் நேசிக்கிற பிள்ளையாகப் பார்த்து அனுப்புங்கள். அதற்குப் பேசத் தெரிய வேண்டியதில்லை. பேச நான் இருக்கிறேன்.