சைக்கிளில் போன வருத்தம்

— நான் வீட்டில இரிக்க, என்ட நெஞ்சில டொக்டர் எப்பிடிக் குழாய் வச்சாரு?

— என்ட நெஞ்சில வச்சாரு, ஆசியா.

— மக்கீன்ட வாப்பா, மூச்சு வாங்குது, ஆறுதலாக் கதைங்க.

— அது கடக்கரை எதிர்க்காத்து. கேளுகா. சாய்ந்தமருதிலிரிந்து கல்முனைக்கு ஒன்னக் கூட்டிப் போறெண்டா கார் புடிக்கணும். காருக்காரன் டொக்டர விடக் கூடக் கேப்பான். நான் ஒன்ட முட்டு வருத்தத்த மட்டும் சைக்கிள்ள ஏத்திட்டுப் போனன்.

— காசில்லாத ஆசுபத்திரி கிடக்கே.

— அங்க வரிசையில நிண்ட நம்மட பக்கத்து வீட்டு மீராமுகைதீனுக்கு முறை வாறதுக்குள்ள காய்ச்சல் சுகமாப் பெயித்து. மறுகா நிண்ட வெயிலுக்குப் புதுக்காய்ச்சல் வந்திட்டு. அதுக்கு மருந்து முடிஞ்சாம், கடையில வாங்கட்டாம்.

— பொய். டொக்டருக்கிட்ட என்ன சொன்னீங்க?

— நீ சொல்லித் தந்ததத்தான். பொஞ்சாதிக்கு முட்டு, மூச்சு விட ஏலா, படுத்தா நெஞ்சு எண்ணெய் போடாத வண்டில் அச்சு மாதிரிக் கத்தும், அந்தச் சத்தத்துக்குக் கூரையில இரிந்த எலியெல்லாம் அடுத்த வீட்டுக்குக் குடி பெயித்து எண்டன்.

— எலிய நான் சொல்லல்லியே.

— அது என்ட பங்கு. ஆளப் பாக்காம மருந்து எழுத ஏலா எண்டாரு. முப்பது வரிசமா ஒரு சட்டிச் சோறு திண்ட நெஞ்சு ரெண்டும், பெரிய வித்தியாசம் இரிக்காது, இதில வச்சிப் பாருங்க எண்டன்.

— சிரிச்சிரிப்பாரு.

— முதல்ல சிரிச்சாரு. குழாய வச்ச மறுகா சிரிக்கல்ல. இந்தக் குளிசைய ஒரு நேரமும் விடப்படாது, விட்டா ஆளுக்கு ஆபத்து எண்டாரு. வெளிநாட்டுக் குளிசையாம். அது கப்பல்ல வந்த கூலியும் நம்மட தலையிலதான். ரெண்டு மூடை நெல்லு பெயித்து.

— கவலையா?

— ஒனக்கெண்டா என்ன கவலை.

— ஒங்களுக்கெண்டா?

— எனக்கென்னத்துக்குகா டொக்டர்? இருமினா மல்லித் தண்ணி குடிச்சாக் காணும்.

— ஓம், தெரியும். இந்தாங்க தண்ணி, குளிசை. வாயத் துறங்க.

— இதென்ன கூத்து? மருந்துச் சரையில ஆசியா உம்மா எண்டு ஒன்ட பேரல்லுவா எழுதிக் கிடக்கு.

— பேர்தான் என்ட. ராவு முழுக்கக் கத்துற நெஞ்சு ஒங்கட. நித்திரை கொள்ளுறவருக்கு அது எங்க கேக்கப் போகுது.