எல்லாப் பக்கத்திலும் ஒரே வரி

— கை வச்சது நீதானே திலகா? கோயில் வெப்சைட்டுல படத்த மாத்துறதுக்குத்தான உனக்கு பாஸ்வர்ட் கொடுத்தேன்.

— படத்தத்தான் மாத்தினேன் சுகுமாறா. எங்கப்பா படத்துக்கு மாலை போட்டு வச்சேன். கீழ ஒரு வரி எழுதினேன். அதுக்காகவா கிளினிக்குக்குப் போன் அடிச்சு, வேலை முடிஞ்சதும் நேரா உன் கடைக்கு வரணும்னு சொன்ன?

— என்ன வரி எழுதின? வாயால சொல்லு.

— “இந்தக் குடும்பத்தின் உபயத்தை இனி பெண்பிள்ளையே எடுத்து நடத்துவார்.” எங்க பக்கத்துலதான எழுதினேன். முனியாண்டி குடும்பம்னு மேல பெருசா போட்டிருக்கே.

— அலாமா. இந்தா, இந்த ஸ்க்ரீனப் பாரு. இது யாரு பக்கம்?

— மயிலம்மாள் அக்கா வீட்டுப் பக்கம்.

— கீழ படி.

— “இந்தக் குடும்பத்தின் உபயத்தை...” இரு இரு. இது எப்படி இங்க வந்துச்சு?

— இது சத்தியசீலன் அண்ணன் பக்கம். கீழ படி. இது தோட்டத்து ஆபீஸ்ல இருந்த பழைய கிராணி வீட்டுப் பக்கம். அதுலயும் படி. திருவிழாச் செலவ ஏத்து உபயம் எடுக்கிற அத்தனை குடும்பத்துப் பக்கத்துலயும் உன் வரிதான் நிக்குது லா.

— நான் சத்தியமா ஒரு இடத்துலதான் எழுதினேன்.

— ஒரு இடத்துலதான் எழுதின. ஆனா நீ எழுதின பெட்டி எல்லாப் பக்கத்துக்கும் பொதுப் பெட்டி. கமிட்டி போன் நம்பரு, கோயிலுக்கு வர்ற வழி, இதெல்லாம் ஒவ்வொரு பக்கத்துலயும் தனித்தனியா அடிச்சா எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும். அதனால ஒரு பெட்டி செஞ்சு எல்லாத்துலயும் கோத்து விட்டிருக்கேன். ஒண்ணுல மாத்தினா எல்லாத்துலயும் மாறும்.

— புரியலயே.

— தோட்டத்துல எஞ்சின் ரூம் இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? அங்க ஒருத்தரு சுவிட்ச்ச அமுக்குவாரு, மேல் லயத்து வீட்டுலேர்ந்து கீழ் லயம் வரைக்கும் லைட்டு போயிடும். அந்த மாதிரி.

— அப்ப நான் போய் சுவிட்ச்சுல கை வச்சிட்டேன்.

— சும்மா வச்சியா? காலையிலேர்ந்து என் போனு அடங்கல. சத்தியசீலன் அண்ணன் கேக்குறாரு, “எனக்கு ஆம்பளப் புள்ளைங்க குத்துக்கல்லாட்டம் இருக்கானுங்க, அவனுங்களுக்கு என்ன ஆச்சுன்னு இப்படிப் போட்ட?” கெமாஸ்லேர்ந்து மயிலம்மாள் அக்கா அழுறாங்க.

— அக்கா எதுக்கு அழுறாங்க?

— சந்தோஷத்துல. பையன் சிங்கப்பூரு போனவன் திருவிழாவுக்கு எட்டிக்கூடப் பாக்கறதில்ல. “கமிட்டி நல்ல முடிவு எடுத்துச்சு தம்பி, எம் மக மோகனாவுக்கு இப்பவே சேல எடுக்கச் சொல்லிட்டேன்”னு சொல்றாங்க. நான் என்ன சொல்லட்டும்? முடிவு எடுத்தது கமிட்டி இல்ல, திலகான்னு சொல்லட்டுமா?

— சொல்லு. எனக்கு என்ன பயம்?

— உனக்குப் பயம் இல்ல. எனக்கு இருக்கு. கமிட்டித் தலைவரு வந்துக்கிட்டிருக்காரு. அவரு வர்றதுக்குள்ள அழிச்சிடுறேன். ஒரு தடவ அழிச்சாப் போதும், எல்லாத்துலயும் போயிடும்.

— மௌஸ்லேர்ந்து கைய எடு சுகுமாறா.

— திலகா...

— எடுன்னா எடு. எங்கப்பாவுக்குக் கண்ணு மங்கின நாள்லேர்ந்து அந்த உபயத்த யாரு செஞ்சா? நீயே சொல்லு. சாமான் வாங்கினது, அன்னதானத்துக்குக் காய் அரிஞ்சது, பூசாரிய மோட்டர் சைக்கிள்ல கூட்டிக்கிட்டு வந்தது எல்லாம் யாரு?

— நீதான். யாரு இல்லன்னு சொன்னா?

— அப்பா கைய நான் புடிச்சிக்கிட்டுத்தான் தீபத்தட்டையே வாங்கினாரு. இப்ப அவரு இல்ல. துக்க வருஷமும் முடிஞ்சிடுச்சு. கமிட்டியில கேட்டா, ஆம்பளப் புள்ள இல்லாத வீட்டு உபயம் பங்காளிக்குப் போகணுமாம். எங்க பங்காளி ஜொகூர்ல இருக்காரு. நம்ம கோயிலு எந்தப் பக்கம் பாத்து இருக்குன்னே அவருக்குத் தெரியாது.

— எனக்கு நியாயம் புரியுது திலகா. ஆனா நான் வெறும் செயலாளரு லா.

— தோட்டத்த வித்து வீடு கட்டிட்டாங்க. லயமும் இல்ல, பள்ளிக்கூடமும் இல்ல. நமக்கெல்லாம் மிச்சம் இருக்கிறது வருஷத்துல அந்தத் திருவிழா நாளு ஒண்ணுதான். அன்னைக்கி ஒலிபெருக்கியில எங்கப்பா பேரச் சொல்லணும், நான் தட்டு ஏந்தி நிக்கணும். வேற ஒண்ணும் கேக்கல. நாலு தடவ வாயால கேட்டுப் பாத்தேன். “பேசுவோம் மா”ன்னு சொல்லியே ஓட்டிட்டீங்க. அதான் எழுதினேன்.

— தலைவரு சொந்த மகளுக்கே கொடுக்காத மனுஷன். உனக்கா கொடுக்கப் போறாரு? அவரு உபயத்தத் தூக்கி அண்ணன் மகன் சந்திரன் கையில கொடுத்தாரு. அந்தக் கோவத்துல மக தனலெட்சுமி சிரம்பான்லேர்ந்து வீட்டுப் பக்கமே வர்றதில்ல.

— எனக்கும் தெரியும். ஊருக்கே தெரியும்.

— மோட்டர் சத்தம் கேக்குது. வந்துட்டாரு. நீ வாயத் தொறக்காத, நான் பேசிக்கிறேன்.

— பேசு, பாக்கலாம்.

— வா... வாங்க தலைவரே. உக்காருங்க. குடிக்க தே ஓ சொல்லட்டுமா?

— தண்ணி கிடக்கட்டும். இந்த வெப்சைட்ட முழுசும் பாத்தியா சுகுமாறா? ஆமாவா இல்லையா?

— பாத்தேன் தலைவரே. ஒரு சின்னத் தப்பு. பொதுப் பெட்டியில கை பட்டுடுச்சு.

— கை படல மாமா. நான்தான் எழுதினேன். எங்க வீட்டுக்குன்னு நெனச்சு எழுதினேன், எல்லார் வீட்டுக்கும் போயிடுச்சு. அதுக்கு மன்னிச்சிடுங்க. எழுதினதுக்கு மன்னிப்புக் கேக்க மாட்டேன்.

— முனியாண்டி மகளாச்சே, வேற எப்படிப் பேசுவ. கமிட்டி கூடாம, கலந்து பேசாம எழுதினது தப்பு. ஆமாவா இல்லையா?

— கூடியிருந்தா எழுதியிருக்கவே மாட்டீங்க மாமா.

— திலகா, சும்மா இரு லா. தலைவரே, நான் இப்பவே அழிச்சிடுறேன்.

— அழிக்கிறது இருக்கட்டும். நான் ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. எங்க வீட்டுப் பக்கத்த மட்டும் இந்தப் பொதுப் பெட்டியிலேர்ந்து பிரிச்சு எடுக்க முடியுமா?

— முடியும் தலைவரே. இந்தக் கண்ணிய அவுத்து விட்டா உங்க பெட்டி தனியாயிடும். அதுக்கப்புறம் இங்க என்ன மாத்தினாலும் உங்க பக்கத்துக்கு வராது.

— பிரிச்சிடு.

— அவ்வளவுதானா மாமா? ஊரு எப்படியோ போகட்டும், உங்க வீடு மட்டும் சுத்தமா இருந்தாப் போதுமா?

— பிரிக்கச் சொன்னேன் சுகுமாறா.

— பிரிச்சிட்டேன். உங்க பக்கத்துல இருக்கிற வரிய எடுத்துடவா?

— மத்தவங்க பக்கத்த மொதல்ல முடி, அவங்க எல்லாரும் எனக்கும் போன் அடிச்சிட்டாங்க. அந்த வரிக்கு முன்னால “விருப்பப்பட்டால்”னு சேரு. சத்தியசீலன் வாயும் அடங்கும், மயிலம்மாளும் வாங்குன சேலயத் திருப்ப வேணாம்.

— மாமா... அப்ப எங்க உபயம்?

— உன் உபயம் உனக்குத்தான் மா. இந்த வருஷம் நீயே தட்டு ஏந்தி நில்லு. கமிட்டியில எவனாவது கேட்டா எங்கிட்ட வரச் சொல்லு.

— நன்றி மாமா. அப்பா இருந்திருந்தா... இரு சுகுமாறா, கண்ணத் தொடச்சிக்கிறேன்.

— சேத்துட்டேன் தலைவரே. எல்லாப் பக்கத்துலயும் வந்துடுச்சு. உங்க பக்கத்துலதான் இன்னும் பழைய வரி நிக்குது. “பெண்பிள்ளையே எடுத்து நடத்துவார்.” என்ன செய்யட்டும்?

— பெண்பிள்ளைன்னு மொட்டையா இருக்கே, அத எடுத்துட்டு தனலெட்சுமின்னு பேரு போடு. சீக்கிரம் போடு தம்பி. காலையில போன் அடிச்சு, “அப்பா, நீங்களா இத எழுதினீங்க?”ன்னு அழுதா. ஆமான்னு சொல்லிட்டேன்.