ஸ்பிரிங் மேல உட்கார்ந்திருக்கார்

...அதுக்காக வாசல் மணியை இப்படியா அமுக்கறதுன்னு நீங்க நினைக்கலாம் சார். நினைங்க, தப்பில்லை. ஆனா அமுக்கறதைப் பத்தி இன்னைக்கு என்கிட்ட யாரும் பேசக்கூடாது! காலையிலேருந்து எங்க வீட்டுல அந்த ஒரு வேலைதான் நடக்குது. அதையாவது ஒழுங்கா அமுக்கினாரா அந்த மனுஷன்? ஒரு பக்கம் அமுக்கி, மறுபக்கம்... இருங்க, வரிசையாச் சொல்றேன். வரிசை தப்பினா எனக்குப் பேச்சே வராது.

நான் பக்கத்து வீடு. நடுவுல சுவர் ஒண்ணுதான். நீங்க குடிவந்த அன்னைக்கே வந்து பேசியிருக்கணும், பேசலை. ஆனா பார்த்தேன். எல்லாரும் சாமான் இறக்கும்போது முதல்ல கட்டிலை இறக்குவாங்க, பீரோவை இறக்குவாங்க. நீங்க ஸ்பேனர் பெட்டியை இறக்குனீங்க. அதுவும் தூங்குற குழந்தையை இறக்குற மாதிரி, ரெண்டு கையாலயும். அப்பவே நினைச்சேன், இவர் நமக்கு உதவுவார்னு. எதுக்குன்னு அப்பத் தெரியலை.

எங்க வீட்டுக்காரர் ஒரு ஸ்பிரிங் மேல உட்கார்ந்திருக்கார்.

இல்லை இல்லை, சோபா ஸ்பிரிங்கா இருந்தா நான் ஏன் சார் ஓடிவரப்போறேன்? கார் ஸ்பிரிங். முன் சக்கரத்து ஸ்பிரிங். அதைச் செங்குத்தா நிறுத்தி, மெத்தையை மடிச்சு மேல போட்டு, ஏறி உட்கார்ந்திருக்கார். எந்திரிச்சா அது தெறிக்கும். உட்கார்ந்தே இருக்கலாம்னா இடுப்பு வலி.

ஐயோ, செருப்பை மாட்டாதீங்க! முழுசாக் கேட்டுட்டு வாங்க. அரைகுறையாக் கேட்டதாலதான் அவர் அங்க உட்கார்ந்திருக்கார். நீங்களும் அரைகுறையாக் கேட்டா, எது மேல போய் உட்காருவீங்களோ!

எங்க கார் கொஞ்ச நாளா இடது தோளைச் சாய்ச்சுக்கிட்டே நின்னுச்சு. ஸ்பிரிங் நுனி ஒடிஞ்சிருக்குன்னு என் தம்பி பார்த்துச் சொன்னான். மெக்கானிக் சார் அவன், சொந்தப் பட்டறை. "முன்னாடி ரெண்டு பக்கமும் சேர்த்தே மாத்திடணும் அத்தான், ஞாயித்துக்கிழமை நானே வந்து மாட்டிக் கொடுக்கறேன்"ன்னான். மரியாதையாத்தான் சொன்னான். இவருக்குப் பொறுக்குமா? "உன் தம்பி இந்தக் காரைத் தொட்டான்னா, போற கல்யாண வீட்டுல எல்லாம் அதையே சொல்லிக்கிட்டிருப்பான். நாலு நட்டு! நானே கழட்டறேன்"னு கிளம்பிட்டார். புது ஸ்பிரிங்கும் வந்தாச்சு. அதை அமுக்கறதுக்குன்னே ஒரு கருவி இருக்கு, உங்களுக்குத் தெரியாததா... நீளமா மரை போட்ட கம்பி, மேலயும் கீழயும் கொக்கி. அப்படி ரெண்டு. ஸ்பிரிங்கோட இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு மாட்டி முறுக்கணும். அதுவும் வாடகைக்கு வந்தாச்சு.

நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்க? சமையலறையில குழாயைச் சத்தமாத் திறந்துவிட்டுட்டு, தம்பிக்குப் போன் போட்டேன். அவன் அங்கேருந்து சொல்லுவான், நான் வெளிய வந்து, தம்பி பேரையே எடுக்காம, ஏதோ வீடியோல பார்த்த மாதிரி இவருக்குச் சொல்லுவேன்.

நல்லாத்தான் போச்சு சார்! பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுன்னான், கொடுத்தோம். ஜாக்கியை மட்டும் நம்பாதே, ஸ்டாண்டு மேல காரை நிறுத்துன்னான், நிறுத்தினோம். சக்கரத்தைக் கழட்டி, கீழ போல்ட்டைக் கழட்டி, பானெட்டுக்குள்ள இருக்கிற மூணு நட்டையும் கழட்டி, ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்குமா ஒண்ணா வெளிய எடுத்தார். எடுத்துட்டு என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிச்சார் பாருங்க... மகள் பிறந்தப்போகூட ஆஸ்பத்திரியில அப்படிச் சிரிக்கலை!

"நடு நட்டுதான்க்கா எமன்"னு தம்பி சொன்னான். ஸ்பிரிங் தெறிக்காம மேல் தட்டை அழுத்திப் பிடிச்சிருக்கிற ஒத்தை நட்டு அது. ஸ்பிரிங் ரெண்டு பக்கமும் சமமாச் சுருங்கி, தட்டுல தளர்ந்து ஆடுற வரைக்கும் அந்த நட்டைத் தொடவே கூடாதாம். மூஞ்சியை ஸ்பிரிங்குக்கு நேரா வைக்கவே கூடாதாம். அப்படியே போய்ச் சொன்னேன், ஒரு எழுத்துப் பிசகலை. இப்பக் கேட்டா, "மூஞ்சியைத்தானே வைக்கக்கூடாதுன்னே?"ங்கறார்.

வர்றோங்க! வந்துக்கிட்டே இருக்கோம்! தும்மாதீங்க! ...கேட்டீங்களா சார்? அவர் குரல்தான். "ஆள் கிடைச்சாச்சா"ங்கறார். ஆள் கிடைச்சும் என்ன, விஷயத்தைச் சொல்ல வேண்டாமா?

பெட்டியை எடுத்துட்டு வர்றீங்களா? எடுங்க, எடுங்க. நான் இங்கேருந்தே சொல்றேன். காது கேட்கும்ல?

முறுக்கினார் சார்! ஒண்ணை வலப்பக்கமா, ஒண்ணை இடப்பக்கமா! ஒண்ணு இறுக இறுக, இன்னொண்ணு தளருது. ஸ்பிரிங் வாழைப்பழம் மாதிரி வளைஞ்சுபோச்சு. வளைஞ்ச பக்கத்தை மட்டும் பார்த்துட்டு, "ஆஹா, நல்லாச் சுருங்கிடுச்சு"ன்னு நடு நட்டுல கையை வச்சுட்டார். அது நுனி மரைக்கு வந்து நிக்கும்போது, உள்ளேருந்து கிறீச்சுன்னு ஒரு சத்தம். "மெத்தை! மெத்தை!"ன்னு அலறினார். விருந்தாளிக்குப் போடுற மெத்தை சார், உறைகூட மாத்தி வச்சிருந்தேன்...

ஆங்... மாத்தி. அந்த வார்த்தைதான்! நான் சொன்னது எவ்வளவு தெளிவான வாக்கியம், நீங்களே கேளுங்க. "ரெண்டையும் மாத்தி மாத்தி முறுக்குங்க." புரியாம போக இதுல என்ன இருக்கு? இதைக் கொஞ்சம், அதைக் கொஞ்சம், மறுபடி இதைக் கொஞ்சம். "என்னங்க இப்படி முறுக்கியிருக்கீங்க?"ன்னு கேட்டா, "நீதானே மாத்தி முறுக்கச் சொன்னே? செருப்பை மாத்திப் போட்டுட்டான்னா என்ன அர்த்தம்?"னு என்னையே கேட்கறார்! ஸ்பிரிங் மேல உட்கார்ந்துகிட்டு எனக்குப் பொருள் சொல்றார் சார்! அந்த நிலைமையில இருக்கிறவர்கிட்ட வாதம் பண்ண முடியுமா? "சரிதாங்க"ன்னுட்டு ஓடிவந்துட்டேன்.

தம்பி சொன்னதா? தம்பி வந்து... "ஒண்ணு விட்டு ஒண்ணு முறுக்கச் சொல்லுக்கா"ன்னான்.

அது எப்படி சார் சரியாகும்? இருக்கிறதே ரெண்டு. ஒண்ணை விட்டா மிச்சம் ஒண்ணுதானே? ஒருநாள் விட்டு ஒருநாள்னா சரி, நாள் வந்துகிட்டே இருக்கு. கம்பி வந்துகிட்டே இருக்கா? அதான் சமையலறைக்கும் வாசலுக்கும் நடுவுல நடந்து வரும்போதே அந்த வாக்கியத்தைக் கொஞ்சம்... திருத்திட்டேன். பிழையோட எப்படிக் கொண்டுபோய்க் கொடுக்கறது? அவன் சொன்னதை அப்படியே சொல்லியிருந்தா இவர், "எதை விடணும்?"னு கேட்டிருப்பார். தப்பா இருந்தாக் கேட்பார் சார். சரியா இருந்ததாலதான் கேட்கவே இல்லை...

சார்? சார்! ...உள்ள யாரையும் காணோமே. பின்வாசல் திறந்து கிடக்கு. ஐயோ, சுவர் ஏறிக் குதிச்சுட்டாரா!

என்னங்க! அவர் அங்கதான் இருக்காரா? ...அப்பாடா. அவர் சொல்ற மாதிரி செய்ய விடுங்க! ...என்ன, தொட விடமாட்டீங்களா? ஏன்? ...ரெண்டையும் வலப்பக்கமே முறுக்கணும்ங்கறாரா? சரியாத்தாங்க சொல்றார்! ...என்னது? "என் பொண்டாட்டி வாக்கியத்துல தப்பே வராது"ன்னா சொல்றீங்க அவர்கிட்ட?

ஐயையோ... வரும்ங்க! வந்துடுச்சு! அது என் வாக்கியமே இல்லை! ...வீடியோவும் இல்லை, ஒண்ணும் இல்லை. என் தம்பிதான் போன்ல சொன்னான், சரியாத்தான் சொன்னான், நடுவுல நான்தான் திருத்தினேன்! ...ஆமா, அவன்தான்! காலையிலேருந்து அவனேதான்!

எந்திரிக்காதீங்க! சார், அவர் தோளை அமுக்கிப் பிடிங்க! கோபப்படுங்க, வேணாம்னு சொல்லலை, எவ்வளவு வேணாலும் கோபப்படுங்க... உட்கார்ந்துகிட்டே படுங்க!